ஒரு அடி என்றால் நிறுத்து

எனக்கு அரைகுறை வேலை ஆகாது, ஐயா. ஓர் ஆணி கோணலாக இறங்கினாலும் பிடுங்கி மறுபடி அடித்தால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும். கடலூர் முதுநகரில் லாஞ்சு கட்டுகிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், லூர்துசாமி மேஸ்திரியைப் பற்றி இதைத்தான் சொல்வார்கள்.

அறுபத்து நாலில் நாங்கள் கட்டி இறக்கிய லாஞ்சில் இஞ்சின் கீழே, சுக்கான் மேலே. கிளம்பும்போது வாயால் சொன்னால் போதும். ஓட ஆரம்பித்துவிட்டால் தொண்டை கிழியக் கத்தினாலும் கீழே கேட்காது. அதனால் கயிறு கட்டி ஒரு மணி வைத்தேன். ஒரு அடி என்றால் வேகம் கூட்டு, இரண்டு அடி என்றால் நிறுத்து. முதலாளி எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், சுக்கான் பிடிக்கிற இருதயசாமி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மாமா, அவசரத்துல இழுத்தா கயிறு சிக்கிக்குது. ரெண்டாவது அடி உழ மாட்டேங்குது. நிறுத்தச் சொன்னா கீழ இஞ்சின்காரரு இன்னும் ஜாஸ்தியா ஓட்டுறாரு."

அவர் சொன்னது நியாயம். ஆபத்தில் ஒரே இழுப்பில் வண்டி நிற்க வேண்டும். "இனிமே ஒன்னுன்னா நிறுத்து, ரெண்டுன்னா வேகம். ஜமாலுதீன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றேன். இஞ்சின் ஓட்டும் ஜமாலுதீன் அப்போது ஜும்மாவுக்குப் போயிருந்தார்.

தொழுதுவிட்டுத் தொப்பியை மடித்தபடியே வந்தார். "என்னா மச்சான், சாப்ட்டியா?" என்றார். சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் முதலாளி நின்றிருந்தார். புகழ்ந்த வாயாலேயே திட்டிவிட்டால் என்ன செய்வது? சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். லாஞ்சு கிளம்பிப் போனது.

அது திரும்பி வரும்போது நான் துறையில் நின்றிருந்தேன். மணி ஒரு அடி அடித்தது. லாஞ்சு நிற்கவில்லை, இன்னும் வேகமெடுத்தது. இருதயசாமி லாஞ்சின் முகப்புக்கு ஓடிவந்து, கம்பை ஊன்றித் தள்ளப் பார்த்தார். கால் வழுக்கி, துறைக்கும் லாஞ்சுக்கும் நடுவில் விழுந்து நசுங்கிப்போனார். பாவம், தங்கமான மனுஷன். அவர் பெண்சாதி ரோசி அழுத அழுகையை என்னால் தாங்க முடியவில்லை.

ஜமாலுதீன் மேலே ஏறி வந்தார்.

"மச்சான், எனக்கு ஒன்னுதான் கேட்டுச்சு. நீ கரையில இருந்தியே, எத்தினி அடிச்சாரு?"

"ரெண்டு" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் இஞ்சினைத் தொடவில்லை. சொந்த ஊரான லால்பேட்டைக்கே போய்விட்டார். பள்ளிவாசலில் தொழுகைக்குக் கூப்பிடும் பாங்குச் சத்தம் காதில் விழுந்தாலும், பெண்சாதி சைதுன் பீவியிடம் "பாங்கு சொல்லிட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் எழுந்திருக்கிறாராம்.

மற்றபடி, நான் முறையை மாற்றியது சரிதான். அப்புறம் கட்டிய லாஞ்சுகளில் எல்லாம் ஒரு அடி என்றால் நிறுத்து. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நேரில் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போன நோன்புப் பெருநாளுக்குப் போனேன். ஜமாலுதீன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மத்தவங்கல்லாம் ஒன்னுதான் அடிச்சுதுன்னு ஆறுதலுக்குப் பொய் சொன்னாங்க மச்சான். நீ ஒருத்தன்தான் எங்கிட்ட உண்மைய சொன்ன" என்று தேம்பித் தேம்பி அழுதார்.

அந்த மனசு தாங்காதே என்பதற்காகத்தான், ஐயா, நான் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.