அம்மா முடித்த ஏஐ கோர்ஸ்

எர்ணாவூர் பாலத்தில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எங்கள் ஷேர் ஆட்டோ நின்றுவிட்டது. எதிர் சீட்டில் இரண்டு பெண்கள். பச்சைப் புடவைக்காரர் திடீரென்று சொன்னார்:

"நான் ஏஐ கோர்ஸு முடிச்சிட்டேன்டி, அஞ்சலை."

"இன்னாக்கா சொல்ற?"

"என் புள்ள கம்பெனி மத்த கம்பெனிங்களுக்கு யோசன சொல்றதுல்ல? அதுல எல்லா நாட்டுக்காரனும் ஆன்லைன்ல ஏஐ படிக்கணுமாம். படிக்கலன்னா வேல பூடுமாம். அவனுக்கு ஏது நேரம்? வீடியோ ஓடிகினே இருக்கும், நடுவுல நடுவுல 'ஆளு கீறியா'ன்னு கேக்கும், இந்தப் பட்டன மட்டும் அமுக்கும்மான்னு லேப்டாப்ப குட்த்துட்டான். எறா உரிச்ச கையாச்சே, முழங்கையால அமுக்குனேன்."

"அப்ப படிச்சது யாருக்கா?"

"அதான் தெர்ல. சர்டிபிகேட்டு அவன் பேர்ல வந்துகீது. மொத ஆளா முடிச்சவன் நீதான், மத்தவங்களுக்கு நீயே சொல்லிக் குடுன்னு கம்பெனில சொல்ட்டானுங்க. இப்ப என்னிய கேக்குறான், 'அம்மா, அதுல இன்னா சொன்னாங்க?'ன்னு."

"நீ இன்னா சொன்ன?"

"எல்லாம் இங்கிலீசு, எனுக்கு இன்னா தெரியும்? அந்த வீடியோ ஆளு ஒரு வாய் தண்ணிகூட குடிக்காம பேசிகினே இருந்தாருடான்னேன்."

"அதுக்கு?"

"அத்தயும் எழுதிக்கினான்."