தலைப்பு எழுதிய தாள்

எனக்குக் கதைப் புத்தகம் படிக்கும் வழக்கம் கிடையாது. ஆனால் ஒரு கதைக்கு எந்தப் பெயர் வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பது அதை எழுதுகிறவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். உட்காருங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா, சொல்கிறேன்.

இப்போது அச்சாகி வரும் கதைகளுக்கெல்லாம் இரண்டு பெயர். முதலில் ஒரு பெண்ணின் பெயர். பிறகு 'அல்லது'. பிறகு ஏதோ ஒரு நீதி. என் தம்பி மகன் முனியப்பன், சுரங்க ஆபீஸ் குமாஸ்தா, அவனும் ஒன்று எழுதினான். முதல் தாளில் கொட்டை எழுத்தில் 'மங்கம்மாள் அல்லது தகப்பன் செய்த பாவம்' என்றிருந்தது.

மங்கம்மாள் என் மகள். ஐந்து வருஷத்துக்கு முன் பிளேக்கில் போய்விட்டாள் என்று சுரங்கக் கூலிகளின் லைன் வீடுகள் எல்லாவற்றுக்கும் தெரியும். நான்தான் சொன்னேன். வட ஆற்காட்டிலிருந்து முந்நூறு பேரை இந்த ஊரிகம் தங்கச் சுரங்கத்துக்கு அழைத்து வந்த மேஸ்திரி சொன்னால், அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

கதையில் அவள் பிளேக்கில் சாகவில்லை. வேற்றுச் சாதியான் ஒருவனைக் கட்டிக்கொள்வேன் என்கிறாள். தகப்பன் அவளைப் பாழடைந்த சுரங்கக் குழி ஒன்றில் தள்ளிவிடுகிறான். தெரிந்து எழுதினானா, தானாகத் தோன்றியதா என்று நான் கேட்கவில்லை. குமாஸ்தாவின் கற்பனையில் எனக்கென்ன அக்கறை? கதையை எத்தனை பேர் படிக்கப்போகிறார்கள்? தலைப்பு அப்படியல்ல. எழுத்து தெரியாதவனும் அதைக் காதால் கேட்டு, சந்தையில் போய்ச் சொல்வான்.

ஆகவே நியாயமாகப் பேசினேன். 'அல்லது'க்குப் பின்னால் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள், முன்னால் இருக்கும் பெயரை எடு என்றேன். கனகாங்கி என்று நல்ல பெயர் ஒன்றும் கொடுத்தேன்.

சிரித்தான். "இன்னா பெரியப்பா, கனகாங்கியா? நம்ம லைன்ல அந்தப் பேர்ல ஒரு ஆடுகூட இல்லியே."

"பேர் வைக்க நீ இன்னா அவளைப் பெத்தவனா?"

"பெத்தவரு வச்ச பேருதான் பெரியப்பா. நான் ஒண்ணும் மாத்தல. அக்கா பேரை உங்க வூட்ல யாரும் வாயால சொல்றதில்ல. புஸ்தகத்துலயாவது இருந்துட்டுப் போவட்டும். திங்கக்கிழமை மெட்ராஸ் போறேன், அச்சுக்குக் குடுக்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கதையில் வரும் குழியைத் தப்பாக எழுதியிருக்கிறாய், வா, காட்டுகிறேன் என்றேன். எழுதுகிறவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தான். குழியின் விளிம்பில் குனிந்து, "எவ்ளோ ஆழம் இருக்கும் பெரியப்பா?" என்றான்.

அவன் முதுகில் கை வைத்தேன். அவனே தெரிந்துகொண்டான்.

அன்று சாயங்காலமே அவன் பெட்டியைத் திறந்து, தலைப்பு எழுதிய தாளை மட்டும் எடுத்து அடுப்பில் போட்டேன். மற்றதை அப்படியே விட்டுவிட்டேன். பெயரில்லாத ஒரு காகிதக் கட்டை ஒருவர் உட்கார்ந்து கடைசிவரை படிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் படித்திருக்கிறீர்கள். உங்களுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது. குழிக்குள் ஆட்களை இறக்கி, ஒருவனைத் தேடப் போய் இரண்டு பேரை எடுத்திருக்கிறீர்கள்.

இரண்டு பேரையும் தள்ளியது நான்தான். குடும்ப மானத்துக்காகச் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் கடைசி அத்தியாயத்தில், தகப்பன் குழியோரம் உட்கார்ந்து பொழுது சாயும்வரை அழுகிறான் என்று எழுதியிருக்கிறான் அல்லவா, அது சுத்தப் பொய். அதை அடித்துவிடுங்கள். அவள் என்னைக் கூப்பிடுவது நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.