வெறும் மெஷினில் ஓட வேண்டும்

— மறுபடியும் அதே வரிதாங்க. ‘ஃபைல் கிடைக்கவில்லை’. மூணாவது தடவை.

— எந்த ஃபைல்னு சொல்லுது? மெதுவாப் படி.

— நீங்க எழுதிக் குடுத்த புரோகிராம் துண்டு, அந்த லைப்ரரிதான். வேற எது என் உசிர வாங்கும்?

— அதெப்படி? நேத்து ஓடுச்சுன்னு சொன்னியே.

— என் மெஷின்ல ஓடுச்சு. இன்னிக்கு வெறும் மெஷின்ல போட்டுப் பாக்கறேன். புதுசு, நம்ம கை படாதது. அதுல படுத்துக்கிச்சு.

— அதாவது, இங்க என் மெஷின்லயும் நல்லாத்தான் ஓடுது.

— ஓடாம? ரெண்டு மெஷின்லயும் உங்க லைப்ரரி பழைய எடத்துல குந்திக்கிட்டிருக்கு. புது சர்வருக்கு நான் கட்டுன புரோகிராம் மூட்டைக்குள்ள அது இல்லன்னாலும், சத்தமில்லாம அங்க போய் எடுத்துக்குது. நம்ம ரெண்டு பேர் மெஷினும் சாட்சிக்கு ஆகாது.

— ஒரு வாரமா இதுலயா ஏமாந்தோம்?

— ஒரு வாரமா. ஆளுக்கு இருபது வருஷ சர்வீஸ் வேற. வெளிய சொல்லிடாதீங்க.

— நான் யார்கிட்டச் சொல்லப் போறேன். சரி விடு. லைப்ரரிய மூட்டைக்குள்ளயே வச்சுக் கட்டு.

— வச்சேன். அது உள்ள வந்ததும் இன்னொண்ணக் கேக்குது. அத வச்சா, அது ரெண்டக் கேக்குது. சாப்பிட ஒருத்தரக் கூப்பிட்டா ஒன்பது பேரக் கூட்டிக்கிட்டு வர்ற ஆளு மாதிரி.

— நான் அப்படி யாரையும் கூட்டிக்கிட்டு வந்ததில்லயே.

— அதையும் சொல்லணும். கல்யாணத்துக்கே உங்க பக்கம் நாலு பேரு. அதுல ஒருத்தர் போட்டோக்காரர்.

— அதாவது... அவரும் என் கூடப் படிச்சவர்தான்.

— நாம பிரிஞ்சு ஆறு வருஷம் ஆச்சு, இன்னும் அவருக்கு வக்காலத்து. இருங்க. எல்லாத்தையும் உள்ள வச்சாச்சு. மறுபடி ஓட்டறேன்.

— பொறுமையா ஓட்டு. உன் பக்கம் ஏன் இப்படி எதிரொலிக்குது?

— மூணாவது மாடி முழுக்க நான் ஒருத்திதான். எல்லாரும் புதுக் கட்டடத்துக்குப் போயாச்சு. நாற்காலியக் கூட அடுக்கிக் கட்டிட்டாங்க. பழைய சர்வர் இங்க இருக்கற வரைக்கும் நானும் இங்க.

— சாப்பிட்டியா?

— கொண்டு வந்திருக்கேன். இன்னும் ரெண்டாளுக்குத்தான் வடிக்கறேன், கை கேக்க மாட்டேங்குது. பாதி காக்காய்க்கு. நீங்க?

— காலைல வச்ச சோறு இருக்கு. என்ன சொல்லுது?

— நின்னுடுச்சு. ஆனா இது வேற எடம். உங்க லைப்ரரி இப்ப ஏதோ ஒரு ஃபைலத் தேடுது. எங்க தேடுதுன்னு படிக்கட்டா? நம்ம பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்ல, உங்க பேரு போட்ட ஃபோல்டர்ல.

— கம்பைல் பண்றப்ப அந்தப் பாதைய அப்படியே உள்ள எழுதிட்டேன் போல. நாம வேற எங்கயாவது போவோம்னு அப்பத் தோணல.

— வீடே இல்ல. இது இன்னும் அந்த வீட்டுக் கதவத் தட்டிக்கிட்டிருக்கு.

— பழைய சர்வர்ல எப்படிச் சமாளிச்ச?

— அங்கயும் என் மெஷின்லயும் உங்க பேர்ல ஒரு ஃபோல்டர் போட்டு வச்சேன். புதுசுல அது நடக்காது. தனி ஆள் பேரே எங்கயும் வரக்கூடாதுன்னுட்டாங்க.

— அப்ப நான் எழுதின மூலத்துல, அந்த சோர்ஸ்லயே மாத்தி, திருப்பிக் கம்பைல் பண்ணி மெஷின் பாஷைக்குக் கொண்டு வரணும். வேற வழியில்ல.

— நீங்க எழுதின அந்த சோர்ஸ்தான் வீடு மாத்துனப்பத் தொலைஞ்சு போச்சே.

— ஆமா. அப்படித்தான் சொன்னேன்.

— நெலவரத்தச் சொல்லிடறேங்க. வெள்ளிக்கிழமை பழைய சர்வரத் தூக்கறாங்க. சனிக்கிழமை விடிஞ்சா டிப்போல நூத்தி நாப்பது பஸ்ஸு. எந்த டிரைவருக்கு எந்த பஸ்ஸுன்னு இந்த புரோகிராம்தான் சொல்லணும். சொல்லலன்னா என் சீட்டக் கிழிச்சிருவாங்க. மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? “மாசாமாசம் யாருக்கோ போன் போட்டாத்தான் ஓடும்னா, அது புரோகிராம் இல்லம்மா, ஜோசியம்.”

— யாருக்கோவா?

— நான் அவரத் திருத்தல.

— சரி விடு. ஒண்ணு கேக்கறேன். இதச் சரியாக் கட்டி முடிச்சிட்டா, அப்புறம் எங்க போட்டாலும் தானா ஓடும். இல்லயா?

— ஓடணும். அதுக்குத்தான் கட்டறது.

— மாசாமாசம் டிரைவர் லிஸ்ட் மாறறப்ப முட்டிக்குதே, அதுவும்?

— சோர்ஸ் இருந்தா அதையும் ஒரேயடியாச் சரி பண்ணிடலாம்.

— ஒண்ணாந்தேதி நீ எனக்குப் போன் பண்ண வேண்டியதில்ல.

— ...வேண்டியதில்ல.

— மெயில் பாரு. இப்பதான் அனுப்பினேன்.

— என்னது இது?

— சோர்ஸ். பாதைய மாத்தியாச்சு. லிஸ்ட் மாறினா முட்டிக்கிற எடத்தையும் சரி பண்ணிட்டேன். நீ கம்பைல் பண்ணி உள்ள வச்சாப் போதும்.

— மாத்தியாச்சா? எப்ப மாத்துனீங்க?

— அது... நாலஞ்சு வருஷம் இருக்கும். உனக்கு அனுப்பறதுல மட்டும் பழசையே விட்டு வச்சேன்.

— கம்பைல் பண்ணிக்கிட்டே இருக்கேன். சொல்லுங்க.

— முதல் மாசம் நிஜமாவே கிடைக்கல. பொய்யில்ல. பெட்டி எதையும் பிரிக்கத் தோணாம கெடந்தேன். ரெண்டாவது மாசம் பழைய சட்டைக்கு அடில சோர்ஸ் இருந்த டிஸ்க் கிடைச்சுது. உனக்குச் சொல்லணும்னு போனக் கையில எடுத்தேன்.

— எடுத்து?

— சொன்னா நீ வாங்கிக்கிட்டுப் போயிடுவ. இன்னும் ஒரே ஒரு மாசம்னு வச்சேன். அதாவது, இந்த வீட்டுல போன் அடிச்சா ஒண்ணு நீ, இல்ல தப்பு நம்பர். ஒண்ணாந்தேதி வந்தா விடியறப்பவே குளிச்சிட்டு வந்து உக்காந்துருவேன். போன்ல பேசறதுக்குக் குளியல் எதுக்குடான்னு என்னையே கேட்டுக்குவேன்.

— கூடவே இருந்தப்ப வாரத்துக்கு ஒரு வாக்கியம் பேசுவீங்க.

— தெரியும். அப்ப பேச விஷயமே இல்லாத மாதிரி இருந்துச்சு. நீ ‘ஃபைல் கிடைக்கல’ன்னு ஆரம்பிச்சா எனக்குப் பேச வருது. கேவலமா இருக்கு சொல்றதுக்கு.

— கம்பைல் ஆயிடுச்சு. மூட்டைல வச்சுட்டேன். வெறும் மெஷின்ல ஓட்டறேன்.

— ஓட்டு.

— உள்ள போகுது. லைப்ரரிய எடுத்துக்கிச்சு. கூட வந்த ஒன்பது பேரும் ஆஜர். எதையும் தேடல.

— லிஸ்ட் வருதா?

— வருது. ஒண்ணாம் நம்பர் பஸ். ரெண்டு. மூணு... நூத்தி நாப்பதும் வந்துடுச்சு. ஒரு டிரைவர் கூட ரெண்டு எடத்துல இல்ல.

— நல்லது. உன் வேலைக்கு ஆபத்து இல்ல. அப்ப வச்சிடறேன். நீ சாப்பிடு, ஆறிடப் போகுது.

— வைக்காதீங்க.

— திட்டணும்னா திட்டிடு. ஆறு வருஷம் உன்ன ஏமாத்திருக்கேன். உனக்குக் கோவமே வரலயா?

— மாசாமாசம் அந்த லைப்ரரியத் திருத்தித் திருத்திப் புதுசா அனுப்புனீங்க. சோர்ஸ் இல்லாம அத யாராலயும் திருத்த முடியாதுங்க, எனக்கும் இதுதான் தொழில். எப்படித் திருத்துறீங்கன்னு ஒரு தடவையாவது நான் கேட்டேனா?