யாவோருக்கு நான் போட்ட வெயில்

இருட்டில் எடுத்த படத்துக்கு வெளிச்சம் கூட்டுவது குற்றமென்றால், ஐயா, இந்த ஊரில் கல்யாணப் படம் எடுத்த அத்தனை பேரையும் நீங்கள் இந்த நாற்காலியில் உட்காரவைக்க வேண்டியிருக்கும். மணப்பெண்ணுக்கு நிறம் கூட்டாத கம்ப்யூட்டர் நம் ரோடோப்பி மலையில் எங்கே இருக்கிறது? நான் மலைச் சைக்கிள் பந்தயங்களைப் படமெடுக்கிறவன். பாய்ந்து வருகிறவன் படத்தில் கலங்காமல் விழ வேண்டுமென்றால் ஷட்டர் கண்ணிமைப்பதற்குள் மூட வேண்டும். மூடினால் வெளிச்சம் போதாது, படம் கறுத்துவிடும். பிறகு கம்ப்யூட்டரில் நிழலைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் முகம் தெரியும். தொழில் அவ்வளவுதான்.

அன்று புனித கியோர்கி திருநாள். பந்தயம் மதியம் என்றுதான் நோட்டீஸ். ஆனால் மந்திரி வராமல் ஆட்டுக்குட்டியை அடுப்பிலிருந்து இறக்கக் கூடாது என்று மேயர் சொல்லிவிட்டார். மந்திரி வந்தார். பாதிரியார் ஆசீர்வதித்தார். எல்லோரும் தின்றார்கள், கைகோத்து வட்டமாக ஆடினார்கள். ராக்கியாச் சாராயம் தீர்ந்த பிறகுதான் மந்திரியின் பேச்சும் தீர்ந்தது. அதற்குள் பைன் காட்டில் இருட்டு இறங்கிவிட்டது. இதில் என் தவறு என்ன இருக்கிறது?

ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். யாவோர் உள்ளூர்ப் பையன் என்பதால் அவனைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள். மேட்டிலிருந்து தாவினான், தடம் தவறி மரத்தில் மோதினான். ஆஸ்பத்திரிக்கு வேலை வைக்கவில்லை. நல்ல பையன், படத்துக்கு ஏற்ற உடம்பு.

இருட்டிய பிறகு பந்தயம் விடக் கூடாது என்பது அனுமதியில் முதல் விதி. மறுநாள் காலையில், பந்தயம் நடத்திய கிளப்பின் தலைவன் லூபென் பேயறைந்தவன்போல் என் கடைக்கு வந்தான்.

"ஒக்னியான் அண்ணே, படமெல்லாம் எப்படி வந்திருக்கு?"

"அடுப்புக்கரியாட்டம் இருக்கு."

"கொஞ்சம் பகலாக்க முடியுமாண்ணே?"

"மத்தியானமா, சாயங்காலமா?" என்றேன். வாடிக்கையாளரிடம் முதலிலேயே தெளிவாகக் கேட்டுக்கொள்வது என் வழக்கம்.

"நாலு மணி வெயில் போதும்ணே. உச்சி வெயில் போட்டா சந்தேகப்படுவாங்க."

நாலு மணி வெயில் போட்டேன். ஆட்கள் தூக்கிப் பிடித்திருந்த செல்போன் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தேன். நிலாவை எடுத்துவிட்டேன். வெளிச்சம் கூட்டினால் படத்தில் தவிடு தூவினாற்போல் புள்ளிகள் கிளம்பும், அவற்றைத் தேய்த்தேன். யாவோரின் கண்கள் வழியைத் தேடி அகல விரிந்திருந்தன. நல்ல வெயிலில் யாரும் அப்படி விழிப்பதில்லை என்பதால் சற்றுச் சுருக்கினேன். மேட்டுக்குப் பின்னால் இருந்த சின்னக் கோயிலின் ஜன்னலில் மஞ்சளாக ஓர் ஒளி. அதை மட்டும் விட்டுவைத்தேன், பார்க்க அழகாக இருந்தது.

விசாரணைக் குழு வெளியூரிலிருந்து வந்தது. உள்ளூரில் எவனுக்கும் நேரம் நினைவில்லை. மேயரின் ஆட்டுக்கறியைத் தின்றவர்கள் ஆயிற்றே. படங்களைப் பார்த்து, பட்டப்பகலில் அஜாக்கிரதையாக ஓட்டிச் செத்தான் என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

செத்தவர் படம் போட்ட தாளை வீட்டுக்கதவு, பஸ் நிறுத்தம், மரம் என்று ஒட்டுவது எங்கள் வழக்கம். நாற்பதாம் நாள் தாளுக்குப் படம் கேட்டு அவன் அம்மா தோப்ரிங்கா வந்தார். அவன் பறக்கும் படத்தையே கொடுத்தேன். வெகுநேரம் அதையே பார்த்தார்.

"இம்புட்டு வெயிலடிக்குதே! நான் கோயில்ல வெளக்கேத்திட்டு வந்த பெறகுதானே தம்பி அவன் எறங்குனான்? எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?"

"துக்கத்துல அப்படித்தான் இருக்கும்க்கா. தூங்கி எந்திரிங்க, சரியாயிடும்."

ஆறுதலுக்காகத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை என்று கேள்விப்பட்டபோது மனசுக்கு நிம்மதியாகவும் இருந்தது.

தாளை ஊரெல்லாம் ஒட்டினார். கடைசியில் அவன் மோதிய மரத்திலும் ஒட்டினார். ஒட்டிவிட்டுத் திரும்பினால் எதிரே கோயில் ஜன்னல். மறுபடி தாளைப் பார்த்திருக்கிறார். படத்திலும் அதே ஜன்னல், உள்ளே அவர் கையால் ஏற்றிய விளக்கு. பொழுது சாயாமல் அவர் அதை ஏற்றியதே இல்லை. அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டார். அழகுக்காக விட்டது ஆபத்தாக முடிந்தது.

இப்போது லூபென்தான் குற்றவாளி என்று எழுதுகிறீர்கள். அது நியாயமில்லை, ஐயா. அவன் பயந்தாங்கொள்ளி. கடைசி ஓட்டத்தை நிறுத்திவிடலாம் என்று கெஞ்சினான். மந்திரிக்குக் கொடுக்க எனக்குத்தான் ஒரு தாவல் படம் வேண்டியிருந்தது. மேட்டில் நின்று யாவோரும் சொன்னான், "அண்ணே, கண்ணே தெரியலண்ணே."

"நீ தாவுடா. வெளிச்சத்தை நான் பாத்துக்கறேன்," என்றேன்.

சொன்ன சொல் தவறுகிறவன் இல்லை நான். அந்தப் படத்தை நன்றாகப் பாருங்கள், ஐயா. எங்காவது இருட்டு இருக்கிறதா?