காந்தம் வைத்த தலை

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு பெண் தன் புருஷனைத் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"ஜன்னல் கம்பியில சாயாதய்யா. காந்தம் வெச்ச தலை, ஒட்டிக்கப்போவுது!"

ஒட்ட வெட்டிய முடியோடு இருந்த மனுஷன் சிரித்தார். "ஆஸ்பத்திரியில தலவலிக்கு வெச்ச காந்த மிஷின்டி அது. மிஷின நிறுத்துனா காந்தமும் நின்னுடும். மண்டை மேல மரங்கொத்தி கொத்துற மாதிரி இருந்துச்சு, அவ்ளோதான்."

"எங்க ஷூ கம்பெனியில ஒடஞ்ச ஊசி இருக்குதான்னு ஒவ்வொரு ஷூவையும் மிஷின்ல உட்டுப் பாப்போம். உன்ன பாத்தாங்களா? பட்டாளத்துல இருந்தப்ப, பார்டர்ல குண்டு வெடிச்சு அடிபட்ட தலையாச்சே."

"மொதல்லயே ஸ்கேன் எடுத்துட்டாங்க. உள்ள இரும்பு ஒண்ணும் இல்லயாம்."

"மூளை இருக்குதாமா?"

சுற்றியிருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டோம்.

பள்ளிகொண்டா தாண்டியதும் டிரைவர் ஏர் ஹாரனை அலறவிட்டார். அவள் சட்டென்று இரண்டு கையாலும் அவர் காதைப் பொத்தினாள். அவர் மெதுவாகக் கையை விலக்கினார்.

"உடுடி. வலி முழுசா போவல, ஆனா நல்லா கம்மியாயிட்டுச்சு. முன்னெல்லாம் இந்தச் சத்தத்துக்கே தலை பொளந்துடும். நாளைக்கு சட்னிய நம்ம வூட்லயே அரை."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் தலவலிக்கு பயந்து மிக்ஸியவே பக்கத்து வூட்ல குடுத்து வெச்சிருக்கேன்யா."

"எறங்குனதும் போய் தூக்கினு வா."

"நான் இன்னாத்துக்குத் தூக்கணும்?" கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "நீ அவங்க வாசல்ல போய் தலைய நீட்டு. அதுவே வந்து ஒட்டிக்கும்!"