பாட்டுக்கு அடியில் கிடந்த குரல்

அந்தி ஆறரை மணி. திருவையாற்றுக்கு முன்னாலேயே பிரிந்து குடமுருட்டிக் கரையோடு கிழக்கே போகிற சாலை... ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் நடவு முடிந்த வயல். நடுவில் வீடு வாசல் எதுவும் கிடையாது. அன்பரசன் வண்டியில் வந்துகொண்டிருந்தான். சட்டைப் பையில் ஒரு பென்டிரைவ்.

சாலையில் அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயப்படுகிறவர்கள் இப்போதே உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

நம் வீட்டு வானதியோடு வேலை பார்க்கிற மலர்க்கொடியின் கணவன்தான் இந்த அன்பரசன். பென்டிரைவில் இருந்தது அவன் சித்தப்பாவின் கல்யாண கேசட். தொண்ணூற்றெட்டாம் வருஷம், வைகாசியில் நடந்த கல்யாணம். பரணில் கிடந்து பூசணம் பிடித்துப்போயிருந்ததைத் தஞ்சாவூரில் பழைய கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருகிற சிங்காரவேலுவிடம் கொடுத்திருந்தான்.

அதில் அவன் தங்கை இருக்கிறாள். மதிவதனி. எட்டு வயது. அந்தக் கல்யாணம் முடிந்து, அதே வருஷம் ஆடிப்பெருக்கு அன்று அம்மாவோடு ஆற்றுக்குப் போனவள், படித்துறையில் கால் வழுக்கி... போனவள் போனவள்தான். மதகு வரைக்கும் தேடினார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை.

அம்மா பொன்னுத்தாய்க்குச் சர்க்கரையில் பார்வை போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அவ மொகம் நெனவுல இருக்குடா. குரல்தான் மறந்துபோச்சு. ஒரு தடவ கேட்டுட்டாப் போதும்.”

ஆனால் அந்தக் காலத்துக் கல்யாண வீடியோ தெரியுமல்லவா... ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சினிமாப் பாட்டு. ஒருத்தர் பேசுவதும் கேட்காது. சிங்காரவேலுதான் வேறொரு பழைய டெக்கில் போட்டுப் பார்த்துவிட்டு, பாட்டு ஒரு ஒலித்தடத்தில்தான் ஏறியிருக்கிறது, கேமரா பிடித்த அசல் சத்தம் இன்னொரு தடத்தில் அப்படியே கிடக்கிறது என்று எடுத்துக் கொடுத்தார்.

அன்பரசன் அதை லேப்டாப்பில் போட்டு, தங்கை வருகிற துண்டை மட்டும் வெட்டினான். பந்தி நடக்கிறது. அம்மா சாம்பார் வாளியோடு நிற்கிறாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மதிவதனி. நாயனச் சத்தம், பாத்திரச் சத்தம், இடையில் அவள் குரல். “அம்மா...” கொஞ்சம் இடைவெளி. “இங்க பாரேன்.” மறுபடி இடைவெளி. “ம்... சரி.” அவ்வளவுதான் அவள் பேசியது. இரைச்சலை எடுத்துச் சுத்தம் செய்ததில், அந்தக் குரலின் ஒவ்வொரு மூச்சும் அவனுக்கு மனப்பாடம்.

முதலில் துபாயில் இருக்கிற அண்ணன் செழியனுக்கு அனுப்பினான். தங்கையைத் தோளிலேயே தூக்கிக்கொண்டு திரிந்தவன் செழியன். அம்மா கேட்ட பிறகு, சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் போடலாம் என்று அன்பரசன் இருந்தான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம். அம்மாவை உட்காரவைத்துப் போட்டான்.

“அம்மா...”

“என்னடி தங்கம்” என்றாள் பொன்னுத்தாய்.

“இங்க பாரேன்.”

“பாக்க முடியலடி. கண்ணு போயிடுச்சு.”

“ம்... சரி.”

அளவெடுத்தது போலப் பொருந்திவிட்டது. மலர்க்கொடி அழுதுவிட்டாள்.

மறுநாளும் அம்மா போடச் சொன்னாள். “அம்மா...” என்று குரல் வந்ததும், “இத்தன நாளா எங்கடி இருந்த?” என்று கேட்டாள்.

நாயனச் சத்தம் சட்டென்று நின்றது. பாத்திரச் சத்தமும் இல்லை. வெளியே ஓட்டிலிருந்து மழை சொட்டுவது மட்டும்... டப்... டப்... பிறகு லேப்டாப்பிலிருந்து,

“இங்கதாம்மா. குளிருது.”

படத்தில் மதிவதனியின் வாய் மூடியே இருந்தது. நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் புதுத்தண்ணீர் வாசனை. ஆற்றில் முதல் தண்ணீர் வரும்போது சருகும் சேறுமாக ஒரு வாடை அடிக்குமே, அது. அன்பரசன் லேப்டாப்பை அறைந்து மூடினான்.

“ஏன்டா மூடுன? அவ ஏதோ கேக்க வந்தா” என்றாள் அம்மா. அவளுக்குப் பயமே இல்லை.

பிறகு அவன் மட்டும் தனியாகப் போட்டுப் பார்த்தான். பழையபடிதான் இருந்தது. அம்மா, இங்க பாரேன், ம் சரி. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

குரூப்பில் போட வேண்டாம் என்று மலர்க்கொடி கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணனிடம் அழிக்கச் சொல்லலாம் என்று கூப்பிட்டால், செழியன் எடுக்கவில்லை. எத்தனை தடவை அடித்தும் எடுக்கவில்லை. கடைசியில் வெள்ளிக்கிழமை அவனே கூப்பிட்டான். நிதானமான குரல்.

“எங்கிட்டயும் பேசுனாடா.”

அன்பரசன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

“நான் எங்க இருக்கேன்னு கேட்டா. எப்படி வரணும்னு கேட்டா... சொல்லிட்டேன்.”

“என்னத்தண்ணே சொன்ன?”

“பில்டிங் பேரு, மாடி, ரூம் நம்பரு... எல்லாம்.”

அன்று சாயங்காலம் மறுபடி அந்தத் துண்டைப் போட்டார்கள். பந்தி நடக்கிறது. அம்மா வாளியோடு நிற்கிறாள். பக்கத்தில் யாரும் இல்லை. அவள் முந்தானை மட்டும் ஒரு பக்கமாக இழுபட்டு, விறைப்பாக நின்றது... ஒரு சின்னக் கை பிடித்திருப்பது போல. குரலும் இல்லை. சிங்காரவேலு மூலக் கேசட்டையே ஓட்டிப் பார்த்தார். அதிலும் அப்படித்தான்.

பொன்னுத்தாயிடம் எப்படிச் சொல்வதென்று தயங்கிக்கொண்டிருந்தபோது, அவளே சொன்னாள். “தேடாதீங்க. அவ அண்ணங்கிட்ட போயிட்டா.” அன்றைக்குத்தான் பல வருஷம் கழித்து அம்மா நிம்மதியாகத் தூங்கினாள் என்கிறாள் மலர்க்கொடி.

செழியன் அதற்குப் பிறகு ஊருக்கு வரவில்லை. லீவு இருக்கிறது, வர மனசில்லை என்கிறான். அறையில் கூட இருந்தவர்கள் வேறு அறைக்கு மாறிவிட்டார்களாம், காரணம் சொல்லவில்லை. வீடியோ காலில் முகம் காட்டுவதில்லை. பேச்சு மட்டும்தான்.

போன மாசம் மலர்க்கொடிக்கு அவனிடமிருந்து போன் வந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்குக் கவுன் என்ன சைஸ் எடுக்கணும் என்று கேட்டான். யாருக்கு மாமா என்றாள் இவள். அவன் போனை வாயிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு, பக்கத்தில் யாரிடமோ மெதுவாகச் சொல்வது கேட்டது...

“இரும்மா. கேட்டுக்கிட்டுதான இருக்கேன்.”