கேட்டு வாங்கிய பாயாசம்

அவையை அழகு செய்து வீற்றிருக்கும் தலைவர் லிங்கேஸ்வரன் அவர்களே! பனியிலே நனைந்து கொழுந்து பறித்த கையோடு வந்திருக்கும் என் தாய்மார்களே! ரிங்லெட்டிலிருந்தும் கம்போங் ராஜாவிலிருந்தும் குளிரைப் பாராமல் ஏறி வந்த பெரியோர்களே! முன்வரிசையில் காலாட்டிக்கொண்டிருக்கும் என் தம்பி மகள், ஏழு வயது வசுமதியே! அனைவருக்கும் இந்தப் பெரியப்பனின் வணக்கம்!

மைக் சத்தத்தைக் கொஞ்சம் குறைங்கப்பா, பிள்ளை காதைப் பொத்துறா பாருங்க. ஆங், இப்ப சரி.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பேச்சுப் பழக்கும் வகுப்பை இன்று நம் தோட்ட மண்டபத்தில் திறக்கிறோம். எதனால் வந்தது இந்த வகுப்பு? ஒரு கரண்டி பாயாசத்தால் வந்தது! சிரிக்காதீங்க, உண்மைலா!

வசுமதியும் அப்படிப்பட்ட பிள்ளைதான்; நம் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் செல்லம். வாசலைப் பார்த்தால் செருப்பு வரும். குடத்தைப் பார்த்தால் தண்ணீர் வரும். அலமாரியைப் பார்த்தால் பிஸ்கட் வரும். அவளை ஒரு வார்த்தை கேட்க விட்டோமா? கேட்கத்தான் நேரம் கொடுத்தோமா? பாசத்தாலேயே அவள் வாய்க்கு வேலை இல்லாமல் செய்தோம்!

அடுத்த ஆண்டு அவள் டவுன் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே அவள் கண்ணசைவைப் படிக்க யார் இருக்கிறார்கள்? தாகமெடுத்தால் என்ன செய்வாள்? பசித்தால் யாரிடம் சொல்வாள்? இந்தக் கவலைதான் அவள் தாய் உமாதேவியின் தூக்கத்தைக் கெடுத்தது.

அப்போது வந்தார், பேச்சுப் பழக்கும் ஆசிரியை சுபத்ரா. "தண்ணிய கையில வெச்சுக்கிட்டு, 'தண்ணி'ன்னு நீங்க முதல்ல சொல்லுங்க. அவ திருப்பிச் சொன்னதும் உடனே குடுங்க. பழகினப்புறம் 'த'ன்னு மட்டும் எடுத்துக் குடுங்க. அப்புறம் அதுவும் வேணாம். பாத்துக்கிட்டே சும்மா காத்திருங்க" என்றார். நாற்றங்காலில் தேயிலைக் கன்றுக்கு நிழல் வலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே விலக்குகிறோம்? அதே முறைதான்.

ஆனால் சும்மா இருப்பதா? நானா? மைக்கைக் கண்டால் விடாதவன் ஆயிற்றே! பிள்ளை வாய் திறக்குமுன் 'த' என்பேன், 'தண்' என்பேன், முழுச் சொல்லையும் சொல்லித் தண்ணீரையும் நானே குடித்துவிடுவேன்! "மாமா, உங்களுக்குத்தான் முதல்ல வகுப்பு எடுக்கணும் போல!" என்றாள் உமாதேவி. சொன்னியா இல்லையா தாயி?

மெல்ல மெல்ல வசுமதி வீட்டில் கேட்கத் தொடங்கினாள். தாயிடம் கேட்டாள், என்னிடம்கூடக் கேட்டாள். வெளி ஆளிடம் மட்டும் ஒரு சொல்லும் வரவில்லை.

வந்தது நம் மாரியம்மன் திருவிழா. அன்னதானப் பந்தியில் பாயாசம் பரிமாறுபவர் யார்? அதோ, கடைசி வரிசையில் தலையைக் குனிகிறாரே, நம் அமிர்தலிங்கம் அண்ணன்! இலை காலியாகுமுன் வந்து நிற்பவர். கோயில் பந்தியில் ஒருவர் வாய்விட்டுக் கேட்டால் அது தனக்கு அவமானம் என்று நினைப்பவர். அவரிடம் போய் உமாதேவி சொன்னாள்: "அண்ணே, பாப்பா இலைக்கு முன்னால கரண்டியோட நில்லுங்க. ஆனா அவ கேக்குற வரைக்கும் ஊத்தாதீங்க."

அண்ணன் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! "என்னம்மா பேசுற? ஆத்தா சன்னதியில பச்சப்புள்ளைய ஏங்க விடச் சொல்றியா? நம்மால ஆகாதுலா!"

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துல அவ பசியோட உக்காந்திருக்கக் கூடாதுண்ணே. இன்னிக்குக் கொஞ்சம் பொறுத்துக்குங்க."

அண்ணன் நின்றார். கரண்டி நின்றது. பந்தியே நின்றது! வசுமதி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். கண்ணீர் முட்டியது பிள்ளைக்கு அல்ல, அண்ணனுக்கு! எனக்கோ நாக்கு துடிக்கிறது. பல்லைக் கடித்தேன், தோளில் கிடந்த துண்டைக் கடித்தேன், வாயை மட்டும் திறக்கவில்லை! பெற்றவள் உதட்டைக்கூட அசைக்கவில்லை. பிள்ளை கரண்டியைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். "பாயாசம்" என்றாள்.

அடடா! அண்ணன் ஊற்றினார் பாருங்கள்! அழுதுகொண்டே ஊற்றுகிறார், சிரித்துக்கொண்டே ஊற்றுகிறார், இலையைத் தாண்டி ஓடுகிறது பாயாசம்! அப்போது அந்தப் பிள்ளை, இலைக்கு மேலே கையை விரித்து, "போதும்" என்றாளே! யாரும் பழக்காத சொல்! யாரும் எடுத்துக் கொடுக்காத சொல்! கேட்பதற்குத்தான் நாம் பழக்கினோம், மறுப்பதற்கு அவளே பழகிக்கொண்டாள். அன்றைக்கு என் தம்பி மகளைப் பார்த்து நான் அழுத அழுகை மாரியம்மாவுக்குத்தான் தெரியும். அந்தப் பந்தியிலேயே முடிவு செய்தோம், இவளைப் போன்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் இங்கே ஒரு வகுப்பு வேண்டும் என்று!

ஆகவே, கியா பார்ம் சந்தையில் கடை போட்டிருக்கும் என் சொந்தங்களே! ஸ்ட்ராபெரி முன்னால் நின்று ஒரு பிள்ளை தடுமாறினால், அதன் சொல்லைப் பிடுங்காதீர்கள். காத்திருங்கள்! பேச்சு வராத பிள்ளை படத்தைத் தொட்டுக் காட்டுகிறதா? அதுவும் பேச்சுதான். காத்திருங்கள்! வேண்டும் என்று சொல்லத் தெரிந்த பிள்ளை எங்கும் பட்டினி கிடக்காது. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த பிள்ளையை யாரும் ஏய்க்க முடியாது! இன்னும் ஒன்றே ஒன்று சொல்லி...

என்ன, வசுமதி எழுந்து நிற்கிறாளே? கையை வேறு விரிக்கிறாள். சொல்லு தங்கம், பெரியப்பா... இல்லை, இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. காத்திருக்கிறேன்.

கேட்டீர்களா? "போதும்" என்கிறாள்!

கை தட்டாதீங்க, சத்தம் அவளுக்கு ஆகாது. கைய மேலே தூக்கி ஆட்டுங்க, ஆங், அப்படித்தான்! என் பேச்சை நிறுத்தச் சொன்னவர்கள் இந்தத் தோட்டத்தில் எத்தனையோ பேர். மகிழ்ந்து நிறுத்துவது இன்றுதான். பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம். வா தங்கம், வகுப்புக் கதவை நீயே திற.